பிளேலிஸ்ட்: பட்டியலா, கோவையா, நிரையா?

"மாமா, பிளேலிஸ்டுக்குத் தமிழ்ல என்னா?" என்று அக்கா மகள் கேட்டபோது ரயில் இலங்கை மலையகத்து நானுஓயாவைத் தாண்டியிருந்தது. தமிழ்த்தினப் போட்டிக்குக் கட்டுரை எழுதுகிறாள், ஆங்கிலச் சொல் ஒன்றும் வரக்கூடாதாம். "பாட்டுப் பட்டியல்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள். கொட்டகலை வருவதற்குள் எனக்கே அது பிடிக்காமல் போய்விட்டது.

பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதற்கென்று யாரோ தெரிந்தெடுத்து வரிசைப்படுத்திய பாட்டுகள். இதில் 'யாரோ' என்பதும் 'வரிசை' என்பதும் முக்கியம். அந்த இரண்டையும்தான் பட்டியல் என்ற சொல் கைவிட்டுவிடுகிறது.

ஆங்கிலத்தில் லிஸ்ட் என்பதற்குப் பழைய பொருள் துணியின் கரை, ஒடுங்கிய நாடா. பிறகு நாடா போல நறுக்கிய காகிதத்துக்கு அந்தப் பெயர் வந்தது, அப்புறம் அந்தக் காகிதத்தில் எழுதிய பெயர்களுக்கும் வந்தது. தமிழிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். பட்டி என்றால் ஒடுங்கிய துணித்துண்டு. கூரையில் குறுக்கே அடிக்கும் மெல்லிய மரச்சட்டத்தையும் பட்டியல் என்பதுண்டு. இரண்டு மொழிக்காரரும் நீளமாக, ஒடுக்கமாக இருந்த ஒரு பொருளைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பிளே என்பது பழைய ஆங்கிலத்தில் விளையாட்டையும் வாத்தியம் வாசிப்பதையும் சேர்த்தே குறித்தது. நாம் பாட்டை விளையாடுவதுமில்லை, இயக்குவதுமில்லை. பாட்டு 'போடுகிறோம்'. இசைத்தட்டை எடுத்துப் போட்ட காலத்துப் பழக்கமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியது வானொலி. ஒரு நிலையம் எந்தெந்தப் பாட்டை ஒலிபரப்பலாம் என்று எழுதிவைத்த தாள்தான் பிளேலிஸ்ட். 1950களில் அமெரிக்க நிலையங்கள் முன்னணியில் இருந்த நாற்பது பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடத் தொடங்கியபோது அந்தத் தாளுக்கு மவுசு கூடியது. தாள் நிலையத்துக்குள்ளேயே இருக்கும், கேட்பவர் கண்ணில் படாது.

நமக்கு அந்தத் தாளைக் காட்டாமல் குரலால் காட்டியது கொழும்பு. 1925 டிசம்பர் 16ஆம் திகதி அங்கே வானொலி தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது, 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்லி அதை நம் கையில் கொடுத்தார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' போனால் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தை அதை வைத்தே கணக்குப் பார்த்த காம்பராக்கள், அதாவது தோட்டத்து லயன் வீடுகள், உண்டு. 'நேயர் விருப்பம்' என்றால் தபாலட்டை போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாட்டு வருமோ வராதோ, பெயராவது வாசிக்கப்படாதா என்றுதான் வீடே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

அதற்கு அடுத்த காலம் ரெக்கோடிங் பார் காலம். இந்தப் பெயரைக் கேட்டுத் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் சாராயக் கடை என்றே நினைத்துவிட்டார். கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை அது. அறுபது நிமிடக் கெசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. கொப்பித்தாளில் இருபது பாட்டு எழுதிக்கொண்டு எங்கள் டவுன் கடைக்குப் போவேன். கடைக்கார அண்ணன் தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துவிடுவார். "இந்த அழுகைப் பாட்டுக்குப் பின்னால இதைப் போட்டா நல்லாருக்காது தம்பி. இதைக் கடைசிக்குக் கொண்டுபோவோம்." நாடா முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடக்கூடாது என்பதற்காக ஒரு சின்னப் பாட்டைத் தேடி வைப்பார். அப்படித்தான் நான் கேள்விப்பட்டே இராத பாட்டுகள் என் கெசட்டுக்குள் வந்தன. ஒருமுறை வேறு யாருடைய தாளையோ பார்த்து ஒரு பக்கம் முழுக்கப் பக்திப் பாட்டாகப் பதிந்து கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் கோபமாகத்தான் இருந்தேன். இப்போது யோசித்தால் அந்தப் பக்கத்தைத்தான் அம்மா தேயத் தேயக் கேட்டார்.

இனி இன்றைய நிலைமை. 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இலங்கைக்கு வந்தது. 2022 அக்டோபரில் ஆப்பிள் மியூசிக் தன்னிடம் 10 கோடிப் பாட்டுகள் இருப்பதாக அறிவித்தது. ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்து, தூங்காமல் கேட்டால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 760 வருடம். மலையகத் தமிழரான நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோமே, அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அக்கா மகள் தேடுபெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பாள். கடைசியில் நேற்றுக் கேட்ட அதே பாட்டைப் போடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது, கறி அதிகமான கல்யாணப் பந்தியில் நானும் பருப்போடு நிறுத்திக்கொள்கிறவன்தான்.

இந்த மலைப்பைத் தீர்க்கத்தான் நிறுவனங்கள் நமக்காகவே தெரிந்தெடுத்துத் தரும் வேலையைத் தொடங்கின. ஸ்பொட்டிஃபை 2015 ஜூலையிலிருந்து திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவருக்கும் 30 பாட்டு அனுப்புகிறது. இது மந்திரமில்லை. நீங்கள் விரும்பும் பாட்டை இன்னொருவரும் தன் பிளேலிஸ்டில் வைத்திருக்கிறார். அதன் பக்கத்தில் அவர் வைத்திருக்கும் வேறொரு பாட்டை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வருபவற்றைப் பல இலட்சம் பேரிடமிருந்து பொறுக்கிச் சேர்ப்பதுதான் அடிப்படை. அதாவது எங்கோ யாரோ ஒருவர் அந்தக் கடைக்கார அண்ணனைப் போல உட்கார்ந்து இதற்குப் பின்னால் இது என்று வைத்திருக்கிறார், இயந்திரம் அதைப் பார்த்துப் படிக்கிறது.

சரி, தமிழ்ச்சொல்லுக்கு வருவோம்.

'இயக்கப்பட்டியல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் இலங்கையில் இயக்கம் என்று சொன்னால் காதில் விழும் பொருளே வேறு, ஆயுதம் ஏந்திய அமைப்பு. 'என் இயக்கப்பட்டியலைப் பார்' என்று ஒரு பிள்ளை சொன்னால் பெரியவர்கள் எழுந்து கதவைச் சாத்துவார்கள்.

பட்டியல், இடாப்பு என்கிற பெயர்ப்பதிவேடு, தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோல் மூன்றும் ஒரே சாதி. இருப்பதை எண்ணி எழுதுபவை. பள்ளி இடாப்பில் பெயர் எந்த வரிசையில் இருந்தாலும் பிள்ளை பிள்ளைதான். தோட்டத்துச் செக்ரோலில் பெயரை இடம்மாற்றி எழுதினாலும் நாட்சம்பளம் கூடவோ குறையவோ போவதில்லை. பாட்டில் அப்படி முடியுமா? தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பதை மாற்றினால் வாத்தியார் விடமாட்டார். தப்புப் பறையில் சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு வேறு அடி.

கோவை நல்ல சொல், கோத்தது கோவை. ஆனால் இங்கே கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்குப், போனவர்களுக்குக் கோவை என்றால் தூசி படிந்த ஃபைல், தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு நகரம். நிரல் இன்னும் நெருங்கிய சொல். நிகழ்ச்சி நிரல் என்று ஏற்கெனவே சொல்கிறோம். என்றாலும் நம் கணிதப் புத்தகத்தில் நிரல் மேலிருந்து கீழே போவது, பக்கவாட்டில் போவது நிரை.

அந்த நிரையில்தான் எனக்குக் கண் விழுந்தது. அகநானூற்றின் மூன்று பகுதிகளின் பெயரைப் பாருங்கள்: களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை. நிரையும் கோவையும் அப்போதே பாட்டுத்தொகுப்புக்கு வைத்த பெயர்கள். தொகுத்த உருத்திரசன்மர் 400 பாட்டையும் கையில் வந்தபடி அடுக்கவில்லை. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, அதாவது பிரிவு. 2, 8 என்று வந்தால் குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், பத்து பத்தாக வந்தால் நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். பிரிவுப் பாட்டுக்கு அடுத்து எப்போதும் வேறொரு திணை வந்து மூச்சுவிட வைக்கிறது. அந்த மனிதர் எங்கள் டவுனில் கடை வைத்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்.

நிரைக்கு மலையகத்தில் சிபாரிசே தேவையில்லை. கொழுந்து மலையில் காலையில் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பது நிரைதான், பேச்சில் 'நெர'. தன் நெரயில் நின்று செடி செடியாகப் பார்த்து, முத்தலை விட்டுவிட்டு, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு மலை முழுக்கப் பச்சையாக இருந்தாலும் உங்களுக்குக் கொடுத்தது ஒரு நெர.

இன்னொரு சொல்லையும் விட மனமில்லை: தெரிவு. தமிழ்நாட்டில் தேர்வு என்கிற இடத்தில் நாம் தெரிவு என்கிறோம். பாராளுமன்றத்தில்கூடத் தெரிவுக்குழுதான். தெரிதல் என்றால் புலப்படுதல், தெரிதல் என்றால் பொறுக்கி எடுத்தல். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரம் ஆராய்ந்து ஆளைத் தெரிந்தெடுப்பதைப் பற்றியது. புதிய பாட்டு ஒன்று தெரியவருவதும் அதைத் தெரிவு செய்வதும் ஒரே வேரில் கிடக்கின்றன. ஆகவே செயலி அனுப்பும் வாராந்த முப்பதை 'வாரத் தெரிவு' என்றும், நாமே அடுக்கியதைப் 'பாட்டு நிரை' என்றும் சொல்லலாம். 'இந்தப் பாட்டை என் நிரையில் சேர்', 'பயண நிரை ஒன்று போடு'. வாய்க்கு இடறவில்லை. பேச்சில் பிளேலிஸ்ட் என்றே சொல்பவரோடு எனக்குச் சண்டையும் இல்லை.

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோது இதில் பாதியைச் சொல்லி முடித்திருந்தேன். சிக்னல் போய், ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. அவள் இறக்கி வைத்திருந்த பதின்மூன்று பாட்டு மட்டும் மிச்சம். அதில் ஒன்றைப் போட்டுவிட்டு, இருட்டிலேயே பெயரை மாற்றினாள். ஹட்டனில் இறங்கும்போது பார்த்தேன்: 'நெர 1'. நிரை என்று திருத்தச் சொல்லவில்லை. இரண்டாவது எப்போது என்று கேட்டேன், இன்னும் ஆறு பாட்டுக் குறைகிறதாம்.