ஃபுல் பாடி ஸ்கேன் எடுத்தால் கணையப் புற்று தெரிந்துவிடுமா?

"எதுக்கு டாக்டர் ஒவ்வொண்ணா? ஒரேயடியா ஃபுல் பாடி ஸ்கேன் எடுத்துடுங்களேன்." கணையத்தில் கட்டி என்ற சந்தேகம் வந்ததுமே குடும்பத்தார் கேட்பது இதைத்தான். அவர்கள் சொல்வது பெட் சிடி, அதாவது புற்று இருக்கும் இடம் ஒளிர்ந்து தெரிய உடம்பு முழுக்க எடுக்கும் ஸ்கேன். எடுக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்பேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் பதுங்கிக் கிடக்கிறது. குடல் வாயு மறைப்பதால் சாதாரண அல்ட்ராசவுண்டில் பல நேரம் முழுதாகத் தெரியாது. அதனால் முதலில் வேண்டியது கணையத்துக்கென்றே எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி. மருந்து ஏற்றி 40-45 நொடியில் ஒருமுறை, 70 நொடி வாக்கில் இன்னொருமுறை படம் எடுப்போம். நல்ல கணையம் பளிச்சென்று தெரியும். புற்று பெரும்பாலும் அதன் நடுவே மங்கி நிற்கும். பக்கத்து ரத்தக் குழாய்களைக் கட்டி வளைத்துவிட்டதா, அறுவை சிகிச்சை சாத்தியமா என்று சொல்வது இந்தப் படம்தான்.

அப்புறம் பெட் எதற்கு? அறுவை செய்யலாம் என்று முடிவான பிறகு, கல்லீரலிலோ எலும்பிலோ புற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. பிரிட்டனில் 550 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அறுவைக்குத் தயாராக இருந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கு பெட் சிடிக்குப் பிறகு அது கைவிடப்பட்டது.

சில மாதங்களுக்கு முன் கணையக் கட்டிக்கு அறுவை முடிவாகி, பெட் சிடி எடுக்க அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 260. நாங்கள் ஊசியில் செலுத்துவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸ். புற்று செல்கள் அதை அள்ளிக்கொண்டு ஒளிரும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிதந்தால் கட்டி சரியாகத் தெரியாது. 200ஐத் தாண்டினால் பெரும்பாலும் தள்ளிவைப்போம். "ஒண்ணும் சாப்பிடலையே" என்றார். "காபி குடிச்சாரு டாக்டர்" என்றார் மகள்.

பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, சர்க்கரை வந்தே ஏழு மாதம்தான். எடை ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது. "சுகர் வந்தா இளைக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிட்டார்கள். கண் மஞ்சளாகும்வரை யாரும் வயிற்றைப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே உடம்பும் இளைத்தால் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

மூன்று நாள் கழித்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொண்டு வந்தார். ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருந்தார். படத்தில் கல்லீரலில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. கணைய அழற்சியும் காசநோயும்கூட இப்படி ஒளிரும், எனவே படத்தை மட்டும் நம்பாமல் பயாப்சிக்கு அனுப்பினோம். புற்றுதான். அறுவை ரத்தாகி, கீமோ தொடங்கியது.

கிளம்பும்போது மகள் கேட்டார்: "நானும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா டாக்டர்?" அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை; குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் வந்ததுமில்லை. வேண்டாம் என்றேன். நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு வந்திருந்தால் கண்காணிப்பு தேவைப்படலாம். அதற்குக்கூட எம்ஆர்ஐயும் எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டும்தான் எடுப்பார்கள்.