சொந்தத்தில் மணம் முடித்ததால் வருவதன்று டவுன் சிண்ட்ரோம்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சென்ற வாரம், பிறவியிலேயே உடல், அறிவு வளர்ச்சியைத் தாமதமாக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஐந்து மாதக் குழந்தையொன்றைத் தூக்கி வந்தார்கள். பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து, நாலு மிடறுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிய அக்குழந்தையின் நெஞ்சில் நான் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்குள், "சொந்தத்துல முடிச்சதாலதானே டாக்டர் இப்படி ஆயிருச்சு?" என்று அப்பத்தா கேட்டார். தாய் தலைகுனிந்து நின்றார். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்க யாரும் அதுவரை அழைத்துச் செல்லவில்லை.

நெருங்கிய உறவில் மணம் முடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. தாலசீமியா, பிறவிக் காது கேளாமை போன்றவை அதனால் கூடக்கூடும். ஆனால் அவை, ஒரே மரபணுவின் பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர்வதால் தோன்றுபவை. டவுன் சிண்ட்ரோமில் நிகழ்வது வேறு: மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில், இரண்டாக இருக்க வேண்டிய 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது. நூற்றில் ஏறத்தாழ 95 பேருக்கு இப்பிழை, கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே, யாருடைய செயலாலும் அன்றித் தற்செயலாக நேர்ந்துவிடுகிறது. கரு தரிக்குமுன்பே நடந்து முடிந்த ஒன்றுக்கு, கிரகணத்தன்று வெளியே வந்ததும் பப்பாளி தின்றதும் எப்படிக் காரணமாகும்? தாயின் வயது ஏற ஏற வாய்ப்புக் கூடுவது உண்மை. 25 வயதில் சுமார் 1,250 பிரசவங்களுக்கு ஒன்றாக இருப்பது, 40 வயதில் 100க்கு ஒன்றாகிறது. ஆயினும் இளம்வயதில் பிள்ளை பெறுவோரே மிகுதி என்பதால், இக்குழந்தைகளின் தாய்மாரில் பலர் இளம்பெண்களே.

நூற்றில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மட்டும் கூடுதலான 21ஆம் குரோமோசோம் இடம் மாறி வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். பெற்றோரில் ஒருவர், தாயோ தந்தையோ, தமக்குப் பாதிப்பின்றியே அவ்வாறு ஒட்டிய குரோமோசோமைச் சுமப்பவராக இருக்கலாம். ஆகவே அடுத்த பிள்ளைக்கு முன் குழந்தையின் குரோமோசோம் பரிசோதனை முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள் 11 முதல் 13 வாரத்துக்குள், கருவின் பின்கழுத்தில் தேங்கும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். அவை வாய்ப்பை மட்டுமே சொல்லும்; உறுதிசெய்யப் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது போன்ற பரிசோதனை வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டதா? முதல் மாதத்திலேயே எக்கோ எடுங்கள். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு. சில ஓட்டைகளைக் காலத்தில் அடைக்காவிட்டால் நுரையீரலில் இரத்த அழுத்தம் ஏறி, அறுவை சிகிச்சையே செய்ய இயலாமல் போகும். தைராய்டு, காது, கண் பரிசோதனைகளையும் தவற விடாதீர்கள். "தானா நடப்பான்" என்று இரண்டு வயதுவரை காத்திராமல், இயன்முறைப் பயிற்சியை முதல் சில மாதங்களிலேயே, தயவுசெய்து, தொடங்கிவிடுங்கள்.