எடுத்த 12 முட்டைகள் எந்தக் கணக்கில்?

வாசகி ஒருவரின் கடிதத்தில் வந்த கேள்வி இது. உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்காக அவரிடமிருந்து ஒரே நாளில் 12 கருமுட்டைகளை எடுத்திருக்கிறார்கள். "மாதத்துக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்து முட்டை மொத்தமாகப் போய்விட்டதே! எனக்கு மாதவிடாய் ஒரு வருடம் முன்னதாகவே நின்றுவிடுமா? இன்னொரு முறை செய்துகொண்டால் இரண்டு வருடமா?" என்று கேட்டிருக்கிறார். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் வர வேண்டிய சந்தேகம்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிற்காது. அந்த 12 முட்டைகளும் அடுத்த வருடத்துக்கு உரியவை அல்ல. ஏன் என்று பார்த்தால்தான் சினைப்பை எவ்வளவு விசித்திரமான உறுப்பு என்பது தெரியும்.

சினைப்பை மாதாமாதம் முட்டையைத் தயாரிப்பதில்லை. இருப்பதைச் செலவழிக்கிறது, அவ்வளவுதான். தாயின் வயிற்றில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகிவிடும். பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம். மாதவிடாய் நிற்கும் தறுவாயில் ஏறத்தாழ ஓராயிரம். வாழ்நாளில் முறைப்படி வெளியே வருபவையோ 400, மிஞ்சிப்போனால் 500.

இப்போது வாசகியின் கணக்கையே கொஞ்சம் மாற்றிப் போடுவோம். மூன்றரை லட்சம் முட்டைகள் 38 வருடங்களில், அதாவது 456 மாதங்களில் தீர்கின்றன. வகுத்துப் பாருங்கள், சராசரியாக மாதத்துக்கு 760 சொச்சம் வரும். இளவயதில் இதைவிட அதிகம், பிற்பாடு குறைவு. வெளியே வருவது ஒன்றுதான். மற்றவையெல்லாம் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. குழந்தைப் பருவத்திலும் சாகின்றன, கர்ப்பமாக இருக்கும்போதும் சாகின்றன, கருத்தடை மாத்திரை சாப்பிடும் மாதங்களிலும் சாகின்றன. முட்டை வெளிவருவதுதான் செலவு என்றால், 10 பிள்ளை பெற்றவருக்கு மாதவிடாய் நிற்பது பத்துப் பதினைந்து வருடம் தள்ளிப்போயிருக்க வேண்டும். அப்படி யாருக்கும் நடப்பதில்லை.

சரி, அந்த ஒன்றை மட்டும் பிழைக்க வைப்பது எது?

முட்டை தனியாக இருப்பதில்லை. அதைச் சுற்றி ஊட்டி வளர்க்கும் செல்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்த பொட்டலத்துக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். ஸ்கேன் அறையில் "ஃபாலிக்கிள் 18 மில்லிமீட்டர் வந்திருக்கு" என்பார்களே, அதுதான். முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் ஸ்கேனில் அது தெரியாது. தெரிவது அதைச் சுமக்கும் திரவப்பை. உறங்கிக் கிடக்கும் ஃபாலிக்கிள்கள் சில தினமும் விழித்துக்கொண்டு வளரத் தொடங்குகின்றன. பல மாதங்கள் வளர்ந்து, கடைசி இரண்டு வாரப் பந்தயத்துக்கு வந்து சேரும்போது அவை இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். இந்த இடத்திலிருந்து, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் எஃப்எஸ்எச் ஹார்மோன் இல்லாமல் ஒரு ஃபாலிக்கிளும் பிழைக்க முடியாது.

வாய்க்கால் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயல்கள் ஒன்றுக்கொன்று மேடு பள்ளமாக இருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதோ அந்த மட்டத்தில் இருக்கும் வயலுக்குத்தான் பாயும். மாதவிடாய் தொடங்கும் நாட்களில் எஃப்எஸ்எச் மெல்ல ஏறுகிறது. ஒவ்வொரு ஃபாலிக்கிளுக்கும் அதனதன் மட்டம் உண்டு. காத்திருக்கும் கூட்டத்தில் எது கொஞ்சம் முந்தி நிற்கிறதோ அதற்கு முதலில் பாய்கிறது. அது வளர்கிறது, ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோனும் ரத்தத்தில் கலந்து மேலே போய், மதகுக்காரனான மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் "போதும், மூடு" என்கின்றன. மதகு இறங்குகிறது. எஃப்எஸ்எச் குறைகிறது. பின்தங்கிய ஃபாலிக்கிள்கள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன.

தண்ணீரை நிறுத்தச் சொன்ன வயலும் காய வேண்டியதுதானே? அதுதான் இல்லை. பத்து மில்லிமீட்டர் அளவை எட்டும்போது அந்த முன்னோடி ஃபாலிக்கிளின் உட்செல்கள் புதிதாக ஒரு வேலை செய்கின்றன. எல்எச் என்ற மற்றொரு ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளை வளர்த்துக்கொள்கின்றன. அதாவது வாய்க்காலை அடைக்கச் சொன்ன அதே நேரத்தில் தனக்கென்று ஒரு கிணறு தோண்டிவிட்டது! இனி குறைந்த எஃப்எஸ்எச்சும் கொஞ்சம் எல்எச்சும் போதும், தாக்குப்பிடித்துவிடும். அண்டை அயலாருக்குக் கிணறு இல்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மேலிருந்து யாரும் ஆளைப் பொறுக்கவில்லை, முதலிலேயே எழுதி வைத்த பட்டியலும் கிடையாது. தொடக்கத்தில் இருந்த சின்ன முந்தல், ஒரு வாரத்தில் வாழ்வுக்கும் சாவுக்குமான வித்தியாசமாகிவிடுகிறது.

ஐவிஎஃப் ஊசி செய்வது இந்த ஒரே இடத்தில் கை வைப்பதுதான். பத்து நாள் போல தினமும் எஃப்எஸ்எச்சை வெளியிலிருந்து செலுத்துகிறார்கள். உள்ளே மதகு மூடினாலும் வாய்க்காலில் தண்ணீர் இறங்குவதில்லை. காய வேண்டிய வயல்களும் விளைகின்றன. வாசகியிடமிருந்து எடுத்த 12 முட்டைகளில் ஒன்று அந்த மாதம் எப்படியும் வெளிவந்திருக்கும். மற்ற 11ம் அந்த மாதமே செத்திருக்கும். உறங்கிக் கிடக்கும் ஃபாலிக்கிள்களுக்கு எஃப்எஸ்எச் ஏற்பியே இல்லாததால், ஊசி அவற்றைத் தொட முடியாது. அடுத்த வருடத்துச் சேமிப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரே அளவு மருந்து போட்டும் ஒருவருக்கு 15 முட்டையும் இன்னொருவருக்கு மூன்றும் கிடைப்பதற்கும் இதுதான் காரணம். அந்த மாதம் வரிசையில் நிற்பவற்றை மட்டுமே காப்பாற்ற முடியும். வரிசையே சின்னது என்றால் மருந்தைக் கூட்டி என்ன பயன்?

இந்த மருந்து முதலில் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மாதவிடாய் நின்றவர்களின் சினைப்பையில் "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. பிட்யூட்டரி மதகை முழுதாகத் திறந்தே வைத்திருக்கும். மிஞ்சிய எஃப்எஸ்எச் சிறுநீரில் போகும். இத்தாலியில் பியேரோ தோனினி என்ற வேதியியலாளர் 1949 வாக்கில் அதைப் பிரித்தெடுத்தார். மருந்தாக்குவதற்கு லிட்டர் லிட்டராகச் சிறுநீர் வேண்டுமே? கன்னியர் மடங்களில் வாழ்ந்த வயதான கன்னியாஸ்திரிகளிடம் சேகரித்தார்கள். அந்த மருந்தைக் கொண்டு புருனோ லுனென்ஃபெல்ட் என்ற மருத்துவர் இஸ்ரேலில் செய்த சிகிச்சையில் 1962இல் முதல் குழந்தை பிறந்தது. பிள்ளை பெறுவதில்லை என்று விரதம் எடுத்தவர்களின் உபயம்! 1990களின் நடுவிலிருந்து, மரபணு மாற்றிய செல்களில் எஃப்எஸ்எச் தயாராகிறது. அவை எந்தச் செல்கள் தெரியுமா? சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியின் சினைப்பையிலிருந்து வந்தவை.

பல ஃபாலிக்கிள்கள் வளர்ந்தால் ஒரு தொல்லை உண்டு. எல்லாம் சேர்ந்து சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பார்த்து மூளை "முட்டை தயார்" என்று ஏமாந்து, எல்எச்சைக் கொட்டிவிடும். எடுப்பதற்குள் முட்டைகள் வெளியே போய்விடும். அதைத் தடுக்க ஒரு மருந்து கொடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய நேரத்தில் தூண்டும் ஊசியைப் போட்டு, 36 மணி நேரம் கழித்து எடுக்கிறார்கள். அளவு மீறினால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காகத்தான் இடையிடையே அத்தனை ஸ்கேன்.

வரலாற்றில் இங்கே ஒரு வேடிக்கையான திருப்பம். இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் ஊசி போட்டுத் தூண்டிய முட்டைகளோடு வருடக்கணக்கில் தோற்றார்கள். கடைசியில் ஊசியை விட்டுவிட்டு, இயற்கையாக வளர்ந்த ஒற்றை முட்டையை எடுத்தார்கள். உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று பிறந்தது அப்படித்தான். அதே வருடம் அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் ஐவிஎஃப் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் ஊசி போட்டுத் தூண்டினார், உருவான கருவை உறைய வைத்தார், ஹார்மோன் கொந்தளிப்பு அடங்கிய வேறொரு மாதத்தில் கர்ப்பப்பையில் வைத்தார். இன்று உலகமெங்கும் பரவலாக வழக்கத்தில் இருக்கும் முறைகளில் இந்த வரிசையும் ஒன்று.

இருவரையும் அதிகாரம் நடத்திய விதத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வரும். எட்வர்ட்ஸ் குழுவுக்கு 1971இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் நிதி மறுத்தது. தனியார் பணத்தில் காலம் தள்ளினார்கள். முகர்ஜியை அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. சம்பந்தமே இல்லாத கண் மருத்துவத் துறைக்கு மாற்றினார்கள். 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அறிவிக்கப்பட்ட பிறப்புக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமார்தான், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலிடம் தனக்கு உரியதல்ல என்று 1997இல் எழுதினார். தன் பட்டத்தைத் தானே கழற்றி இன்னொருவருக்குச் சூட்டும் மனிதர்கள் அபூர்வம். ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கக் கூடாதா?

எண்ணிக்கையைக் காப்பாற்றலாம், வயதைக் காப்பாற்ற முடியாது. முட்டை தன் குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலையைப் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. முப்பது, நாற்பது வருடக் காத்திருப்பில் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் புரத வளையங்கள் தளர்கின்றன. வேலை மறுபடி தொடங்கும்போது பிரிவினை தப்பாகிவிடுகிறது. பவுடர், லேகியம் என்று எதை விற்றாலும் அந்த வளையங்களைப் புதுப்பிக்க இன்று வழியில்லை. இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையும் சிறு ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தை அல்ல. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களிடம் 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். மாதம் ஒரு நல்ல முட்டை போதுமே. தவிர, குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. நம் மொழியில் மலடி என்ற சொல் தேய்ந்த அளவுக்கு மலடன் தேயவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

அப்புறம், உறங்கும் முட்டைகளை யார் எழுப்புகிறார்கள் என்ற கேள்வி. எலிகளில், முட்டைக்குள் இருக்கும் பிடென் என்ற ஒரு தடுப்பு மரபணுவை நீக்கியபோது, மொத்த இருப்பும் ஒரே சமயத்தில் விழித்து இளம் வயதிலேயே தீர்ந்துவிட்டது. 2008இல் வந்த முடிவு அது. ஆக, உறக்கம் தானாக நிகழ்வதல்ல, பிடித்து வைக்கப்பட்டிருப்பது. ஜப்பானில் கசுஹிரோ கவமுரா குழு இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. இளவயதிலேயே சினைப்பை ஓய்ந்துபோன பெண்களிடமிருந்து அந்த உறுப்பை எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, தடுப்பைத் தளர்த்தும் மருந்தில் ஊறவைத்து, திரும்பப் பொருத்தினார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாத சினைப்பைகளில் சிலவற்றில் ஃபாலிக்கிள்கள் வளர்ந்தன. 2013இல் வெளியான முதல் அறிக்கையிலேயே ஒரு குழந்தை பிறந்திருந்தது. மருந்து பாதி வேலைதான் செய்ததாம். நறுக்கியதில் திசுவின் இறுக்கம் விட்டுப்போய், "வளராதே" என்ற சமிக்ஞை அறுந்ததுதான் மீதிப் பாதி.