சொல் விளக்கம்: தீப்பற்று மூலம்

எரிவாயு கசிந்து வீடு வெடித்தால், மறுநாள் செய்தியில் 'தீப்பொறி பட்டு' என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். தீயைத் தொடங்கிவைப்பது எதுவோ அதைப் பாதுகாப்புப் பொறியாளர்கள் 'இக்னிஷன் சோர்ஸ்' என்பார்கள்; நாம் அதை இப்படித்தான் தமிழாக்குகிறோம். பொறி அதில் ஒரு வகை மட்டுமே.

'இக்னிஷன்' லத்தீனில் நெருப்பைக் குறிக்கும் 'இக்னிஸ்' என்பதிலிருந்து பிறந்தது. வடமொழி 'அக்னி' அதன் உறவுச் சொல். நம் அக்கினி அங்கிருந்து வந்தது. தமிழுக்கென்று பழைய சொல் ஒன்று உண்டு: ஞெலிகோல். ஞெலிதல் என்றால் கடைதல். கட்டையில் கட்டையை வைத்துக் கடைந்து தீ எடுக்கும் கோல் அது. புறநானூற்றில் அது வீட்டுக் கூரையின் விளிம்பில் செருகப்பட்டு, தீயின் சுவடே இல்லாமல் இருக்கிறது. அருமையான சொல்தான், ஆனால் ஆலையின் எச்சரிக்கைப் பலகையில் எழுதினால் ஒருவருக்கும் புரியாது.

உரசல் சூடு இன்றும் ஆளைக் கொல்கிறது. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் போர்ட் வென்ட்வொர்த்தில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். சேமிப்புக் கலன்களின் அடியில் சர்க்கரையைச் சுமந்து ஓடிய கன்வேயரைத் தகடுகளால் மூடியிருந்தார்கள். உள்ளே சர்க்கரைத் தூசி வெளியேற வழியின்றிச் செறிந்தது. சூடேறிய பேரிங் ஒன்று அதைப் பற்றவைத்திருக்கலாம் என்றது விசாரணை. அந்த முதல் வெடிப்பு, தரையிலும் உத்தரங்களிலும் படிந்திருந்த தூசியைக் கிளப்பிவிட்டது. அடுத்தடுத்த வெடிப்புகளுக்கு முந்தைய வெடிப்பின் தீயே மூலமாயிற்று.

வாயுவுக்கு இவ்வளவு சூடுகூடத் தேவையில்லை. மீத்தேன் பற்றச் சுமார் 0.3 மில்லிஜூல் ஆற்றல் போதும், ஹைட்ரஜனுக்கு 0.02. நைலான் சட்டையைக் கழற்றும்போது விரலில் சுரீரென்று அடிக்கிறதே, அந்த நிலைமின்சாரமே இதைவிடப் பல மடங்கு பெரியது. தூசிகளுக்குப் பொதுவாகக் கூடுதல் ஆற்றல் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றில் சுமார் 2 முதல் 9 விழுக்காடு கலந்திருந்தால் பற்றும். அப்போது சுவிட்சைப் போடுவதைப் போலவே அணைப்பதும் ஆபத்து. யாருமே தொடாத ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும் கணமும் அப்படித்தான்.

மூலம் எங்கே இருக்கிறது என்பதும் வெடிப்பின் வேகத்தை மாற்றும். மூடிய கலனின் நடுவில் பற்றினால் சுடர் சுவரைத் தொடாமல் எல்லாப் பக்கமும் விரிகிறது. அழுத்தம் விரைந்து ஏறுகிறது. குழாய் வழியே பக்கத்துக் கலனிலிருந்து சுடர் பீறிட்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அது கலவையைக் கலக்கிக்கொண்டே பற்றவைக்கிறது. தூசிகளைச் சோதிக்கும் 20 லிட்டர் கோளத்தில் 10 கிலோஜூல் வேதித் திரியை வெடிக்கவைப்பார்கள். அவ்வளவு வலுவான மூலத்தால், இயல்பில் வெடிக்காத தூசியும் வெடிப்பதுபோல் தோன்றிவிடலாம்.

இனி, எந்தச் சொல்? 'எரியூட்டல்' மயானத்துக்குப் போய்விட்டது. 'தீமூட்டல்', 'பற்றவைத்தல்' இரண்டும் மூட்டியவர் யார் என்று தேடவைக்கும். விபத்தில் தீ பற்றுகிறது, யாரும் மூட்டுவதில்லை. ஆகவே 'தீப்பற்று மூலம்' என்பதே சரி. பேரிங், சுவிட்ச், நிலைமின்சாரம், பக்கத்துச் சுடர் எல்லாம் அதில் அடங்கும். வண்டிச் சாவிக்கு மட்டும் இக்னிஷனே இருந்துவிட்டுப் போகட்டும்.