பந்து கேமரா கம்பியில் பட்டதா? கண்டுபிடிக்க வழி இருக்கிறது

ஐரோப்பாவில் இரவு ஆட்டம் என்றால் கோலாலம்பூரில் அதிகாலை 3 மணி. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் மாமாக் கடைகளில் பெரிய திரைக்கு முன்னால் தே தாரிக்கோடு உட்காரும் காற்பந்து ரசிகர்களுக்கு இந்த வாக்குவாதம் புதிதல்ல. கோல்காவலர் ஓங்கி உதைத்த பந்து, போக வேண்டிய தூரம் போகாமல் பாதியில் விழும். “கம்பியில பட்டுருச்சு தம்பி, கேமரா கம்பி!” என்பார் ஒருவர். “இல்லண்ணே, காத்துதான்” என்பார் இன்னொருவர். இது வெறும் கற்பனைச் சண்டை இல்லை. மைதானத்துக்கு மேல் கம்பிகள் உண்மையிலேயே ஓடுகின்றன.

மைதானத்துக்கு மேல் தொங்கியபடி நகர்ந்து படம் எடுக்கும், ஸ்பைடர்கேம், ஸ்கைகேம் என்று சொல்லப்படும் கேமராவை நான்கு கம்பிகள் தாங்குகின்றன. ஒவ்வொரு கம்பியும் அரங்கின் ஒரு மூலையில் உயரமான இடத்தில் உள்ள கப்பி வழியாக, மோட்டார் வைத்த சுருளுக்குப் போகிறது. கேமரா இடது பக்கம் போக வேண்டுமானால் இடப்பக்கச் சுருள்கள் கம்பியை இழுக்கும். வலப்பக்கச் சுருள்கள் விட்டுக்கொடுக்கும். எவ்வளவு இழுப்பது, எவ்வளவு விடுவது என்பதைக் கணினி நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறது. கம்பி விரலைவிட மெல்லியது, அதனால் டிவியில் பெரும்பாலும் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது கம்பியின் சரிவு. மூலைகளில் கம்பி மிக உயரத்தில் இருக்கும், கேமராவை நெருங்க நெருங்கத் தாழும். அதனால் ஆபத்தான இடம் மைதானம் முழுவதும் இல்லை. கேமராவைச் சுற்றிய பகுதிதான். பந்து அந்த உயரத்துக்கு எழும்புமா? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 45 டிகிரி சாய்வில் உதைத்தால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 20 மீட்டர் வரை ஏறும். காற்று அதைக் குறைக்கும். ஆக, கோல்காவலரின் நீள உதை கம்பியை எட்டலாம். எதிரணி வீரர்கள் வரிசையாக நிற்கும் தடுப்புச் சுவரைத் தாண்டி 2.44 மீட்டர் உயரக் கோல் கம்பத்துக்குள் இறங்க வேண்டிய ஃப்ரீ கிக் அவ்வளவு உயரம் போகாது. ஃப்ரீ கிக்கில் கம்பி பட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

சரி, ரீப்ளே பார்த்தால் தெரிந்துவிடாதா? அங்கேதான் கண் ஏமாறுகிறது. திரையில் பந்தும் கம்பியும் ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரியும். உண்மையில் ஒன்று மற்றொன்றுக்குப் பத்து மீட்டர் முன்னால் இருக்கலாம். ஒரே கேமராவின் படத்தில் ஆழம் தெரியாது. இரண்டு வெவ்வேறு கோணங்களில், ஒரே நொடியில் இரண்டும் சேர்ந்தால்தான் அது பேசத் தக்க சாட்சி. அடுத்த சிக்கல் வேகம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் பந்து, நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 56 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே 22 சென்டிமீட்டர்தான். மோதல் நடந்த அந்தக் கணம் எந்தப் படத்திலும் சிக்காமல் போகலாம்.

அதனால் மோதலைத் தேடாமல், அது விட்டுப்போகும் தடயங்களைத் தேட வேண்டும். காற்று பந்தைத் திருப்பினால் பாதை வளையும். கம்பி திருப்பினால் பாதை முறியும். அப்புறம் சுழற்சி. காற்று பந்தின் சுழலை மெல்ல மெல்லத்தான் குறைக்கும். கம்பி ஓரத்தில் உரசினால் சுழல் சட்டென்று மாறும். பந்தின் மேலுள்ள கோலத்தை ஸ்லோ மோஷனில் பார்த்தால் இது தெரியும். மூன்றாவது தடயம் கேமராவிலேயே இருக்கிறது. கொடிக்கயிற்றின் நடுவில் தட்டினால் இரு முனையும் ஆடுவது போல, கம்பியில் அடி விழுந்தால் அதிர்வு கேமராவுக்கும் ஓடும். அந்தக் கேமராவின் படம் அதே கணத்தில் குலுங்கியதா என்று பாருங்கள்.

காற்று மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கு நம் பினாங்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2016 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராக பினாங்கு வீரர் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவதாகக் காட்டி மறுபக்கம் திரும்பி வலைக்குள் போனது. அதற்கு, ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஷ்காஷ் விருது கிடைத்தது. அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டவர்கள் ஏராளம். சுழலும் பந்து பொதுவாக ஒரே பக்கம்தான் வளையும். அது மேக்னஸ் விளைவு. கிட்டத்தட்டச் சுழலாத பந்திலோ, பின்னால் பிரியும் காற்று தையல்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து இங்கும் அங்கும் மாறும், பந்தையும் அந்தந்தப் பக்கம் தள்ளும். இரு பக்கமும் திரும்பும் பந்துக்கு இந்த விளக்கமே பொருந்தும் என்பது என் கணிப்பு.

2022 கத்தார் உலகக் கிண்ணத்துப் பந்துக்குள் நொடிக்கு 500 தடவை அசைவை அளக்கும் உணரி இருந்தது. உருகுவேக்கு எதிராக போர்ச்சுகலின் புரூனோ ஃபெர்னாண்டஸ் அனுப்பிய பந்து தன் தலையில் பட்டதாக ரொனால்டோ கொண்டாடினார். எந்த உரசலும் பதிவாகவில்லை என்று உணரியின் தரவு காட்டியது, கோல் ஃபெர்னாண்டஸ் கணக்கிலேயே நின்றது. தலையில் பட்டதா இல்லையா என்பதையே சொல்லிவிடும் கருவிக்குக் கம்பி பட்டது தெரியாமலா போகும்?

காற்பந்து விதிப்படி, வெளிப்பொருள் ஆட்டத்தில் குறுக்கிட்டது என்று நடுவர் கருதினால் ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் கொடுக்கலாம், அதாவது பந்தைத் தானே கீழே போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கலாம். ஆனால் அந்த முடிவை அவர் வெறும் கண்ணால் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கேமரா எந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பது சுருள்களை இயக்கும் கணினிக்குத் தெரியும். அதிலிருந்து நான்கு கம்பிகளின் கோடுகளையும் போட்டுவிடலாம். பந்து எங்கே இருந்தது என்பதை, கத்தாரில் செய்தது போல, கூரைக்கடியில் உள்ள 12 கேமராக்கள் நொடிக்கு 50 தடவை சொல்லும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் பந்துக்கும் கம்பிக்கும் இருந்த இடைவெளி சென்டிமீட்டரில் வந்துவிடும். ஆஃப்சைடுக்குக் கோடு போட்டுக் காட்டும் ஒளிபரப்பாளர்கள் இதையும் திரையில் காட்ட வேண்டும். தன் கோல்காவலரின் உதை ஏன் பாதியில் விழுந்தது என்று தெரிந்துகொள்ள ரசிகனுக்கு உரிமை உண்டு.