மேலே கரி, உள்ளே பச்சை

புத்தாண்டுக்குப் பிந்தைய வாரத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம், "மொட்டை மாடியில பார்பிக்யூ போட்டீங்களா?" என்று தவறாமல் கேட்கிறேன். ஆமாம் என்பவர்களிடம், "சிக்கன் நல்லா வெந்திருந்துச்சா?" என்றால், "கருகுற அளவுக்கு வெந்துச்சு டாக்டர்" என்கிறார்கள்.

ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. தணலுக்கு நேர் மேலே கம்பியின் சூடு 250 டிகிரி செல்சியஸைத் தொடும். தயிரும் மிளகாய்த்தூளும் தடவிய மேற்பரப்பு சில நிமிடங்களில் கறுத்துவிடும். எலும்பை ஒட்டிய சதையிலோ அப்போது ஃப்ரிட்ஜின் குளிர்ச்சிகூட விட்டிருக்காது.

ஒருமுறை ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குக் கண்கள் குழிவிழுந்து நாக்கு உலர்ந்திருந்தது. உடனே ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. கோழி சுட்டது ஞாயிற்றுக்கிழமை, வயிறு கெட்டது புதன்கிழமை. அதனால் செவ்வாயன்று வாங்கிய பரோட்டா மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம். பச்சைக் கோழியில் பரவலாகக் காணப்படும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி பெரும்பாலும் 2 முதல் 5 நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இதனால்தான் உண்மையான காரணம் பலருக்குத் தெரியாமலே போகிறது.

அமெரிக்க வேளாண்துறை சொல்லும் அளவுகளை நான் எல்லோருக்கும் எழுதித் தருகிறேன். கோழியின் நடுச்சதை 74 டிகிரியைத் தொட வேண்டும். ஆட்டுக் கொத்துக்கறியில் செய்த கபாப் என்றால் 71. கறியின் மேலிருக்கும் கிருமிகள் கொத்தும்போது உள்ளே கலந்துவிடுகின்றன. ஆட்டுக்கறி முழுத்துண்டாக இருந்தால் 63 டிகிரியும், இறக்கிய பின் 3 நிமிட ஓய்வும் போதும். நம்மூர் வெள்ளாட்டுக்கறி அந்தச் சூட்டில் ரப்பர் மாதிரிதான் இருக்கும், மெதுவாக 90 வரை போனால்தான் நார் இளகும். கோழித் தொடையும் 80ஐத் தாண்டினால் இன்னும் ருசி. நெஞ்சுக்கறி மட்டும் 74ஐத் தாண்டத் தாண்ட வறண்டுபோகும்.

நிறத்தை நம்பாதீர்கள். பிராய்லர் கோழி இளசு. எலும்பு மஜ்ஜையின் சிவப்பு கசிந்து, நன்றாக வெந்த கறியும் எலும்போரம் சிவந்திருக்கலாம். கொத்துக்கறியோ வேகும் முன்பே பழுப்பாகிவிடும்.

"காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் போதுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். கூடவே கூடாது. அது 42 டிகிரியோடு நின்றுவிடும். கண்ணாடி வகை என்றால் உடைந்து பாதரசம் கறியில் கலக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியும் மேற்பரப்பை மட்டும்தான் அறியும். அடுப்பு மூடியில் உள்ள முள் காட்டுவது உள்ளிருக்கும் காற்றின் சூட்டை. தேவை, கூர்முனையைக் கறிக்குள் செருகும் சமையல் தெர்மாமீட்டர். வாங்கியதும் ஐஸ் நிரம்பிய தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். கொதிநீரில் சோதித்தால் சென்னையில் 100 வரும். ஊட்டியில் 92, 93தான் வரும், கருவியில் பிழை இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குத்தான் பொருந்தும். கம்பிமேல் ஒவ்வொரு துண்டும் வேறு தடிமன், அதன் கீழே வேறு தணல். பெரிய துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள், தடித்த இடத்தில், எலும்பில் முனை படாமல். ஒவ்வொரு முறையும் முனையைச் சோப்புநீரில் கழுவுங்கள்.

தணலைத் தட்டு முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவியுங்கள். தணல் இல்லாத பக்கத்தில் கறியை வைத்து மூடி, உள்ளே 65 டிகிரி வந்தபின் தணல்பக்கம் நகர்த்தினால் நிறமும் வரும், உள்ளும் வேகும். சூடு ஏறினால் அடிப்பக்கக் காற்றுத் துளையைப் பாதி மூடுங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில்தான் ஒட்டும்.

பச்சைக் கறி ஊறிய மசாலாவைப் பிரஷ்ஷால் தொட்டு, வெந்த துண்டின் மேல் பூசுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். 74 டிகிரிக்குக் கொண்டுவந்த உழைப்பெல்லாம் அந்த ஒரு பூச்சில் போய்விடும். பூசுவதற்கு என்று கொஞ்சம் மசாலாவை, கறியைப் போடும் முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.