முக்கோண மனை வாங்குகிறீர்களா? உயரத்தை அளந்து பாருங்கள்

காரோடு - வில்லுக்குறி நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்த பிறகு, குமரி மாவட்டத்தின் களியக்காவிளைப் பக்கம் பல தோட்டங்கள் குறுக்கே வெட்டுப்பட்டு முக்கோணத் துண்டுகளாக மிஞ்சியிருக்கின்றன. அவை வீட்டுமனையாகக் கைமாறும்போது சர்வேயரான என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகுதான். தயவுசெய்து பக்க நீளங்களை மட்டும் பார்த்து சென்ட் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டு பக்கம் 50 அடி, சாலை முகப்பு 60 அடி என்றால் பரப்பு 1,200 சதுர அடி. ஏறக்குறைய 2¾ சென்ட். முகப்பு 80 அடி ஆனாலும் அதே 1,200 தான். 96 அடி ஆனால் வெறும் 672, ஒன்றரை சென்ட்! முகப்பு நீண்டால் மனையும் பெரிது என்று நம்பி விலை பேசுகிறோம். ஆனால் முகப்பிலிருந்து பின்மூலைக்குச் செங்குத்தாக உள்ள உயரம் 40 அடியிலிருந்து 30, அப்புறம் 14 என்று இறங்கிவிடுகிறது. அடிப்பக்கத்தில் பாதியை இந்த உயரத்தால் பெருக்குவதுதான் பரப்பு. "ஐம்பதை ஐம்பதால் பெருக்கிப் பாதி, 1,250" என்று சொல்வார்கள். அந்த இரு பக்கமும் செங்கோணத்தில் சந்தித்தால் மட்டுமே அது சரி.

ஒடுங்கிய மனையில் நாடா கொஞ்சம் தொய்ந்தாலும் ஆபத்து. 96 அடியை 97 என்று எழுதினால் கணக்கில் சுமார் 82 சதுர அடி குறைந்துவிடும். 60 அடி முகப்பில் அதே ஓரடிப் பிழைக்கு 8 சதுர அடிதான் மாறும்.

சாலை அகலப்படுத்தும்போது வரும் இழப்பைத்தான் பலரும் யோசிப்பதில்லை. அந்த 60 அடி முகப்பு மனையில், முகப்பை ஒட்டி 4 அடி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 அடி உயரத்தில் பத்தில் ஒரு பங்கு போனதால் பரப்பிலும் பத்தில் ஒரு பங்குதானே போகும் என்று தோன்றும். இல்லை. முகப்பும் 54 அடியாகச் சுருங்கி, மிஞ்சுவது 972. போனது 228 சதுர அடி, அரை சென்டுக்கும் மேல். பின்மூலையில் அதே 4 அடி போனால் இழப்பு 12 சதுர அடிதான். சாலையோர முக்கோணத்தை வாங்குபவர் இந்தக் கணக்கை விலை பேசும் முன்பே போட வேண்டும்.

எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) பரப்பு ஆர் கணக்கில் இருக்கும்; ஓர் ஆர் சுமார் 2.47 சென்ட். எந்த ஊரானாலும் மூன்று பக்க அளவோடு செங்குத்து உயரத்தையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அதை வைத்து நீங்களே பெருக்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.